பைக்குக் காசு கொடுத்தவர்களுக்கு

மண்ணூர், வளர்புரம், தண்டலம், மப்பேடு பக்கத்து ஊர்க்காரர்களுக்கும், இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஒரகடம் வரைக்கும் ஷிஃப்டுக்குப் போய்வருகிற அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும்:

உங்களிடம் காசு வாங்கிக்கொண்டபோதெல்லாம் ஒரு கும்பிடு போட்டிருக்கிறேன். அதற்கு மேல் பேச நேரம் இருந்ததில்லை. கம்பெனி பஸ் வந்துவிடும், கடையில் அடுத்த ஆள் நிற்பார், கேன்டீன் மணி அடித்துவிடும். எதற்காகக் கும்பிட்டேன் என்பதை ஒருமுறையாவது உட்கார்ந்து முழுசாக எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போட்டால் சங்கடப்படுவீர்கள். அதனால் உங்களில் யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டிகளுக்கு ரப்பர், பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் டூல்ரூம் ஆள் நான். மலக்குடலில் புற்றுநோய் வந்தது. ஆசனவாய்க்கு மிக அருகில் இருந்ததால் அதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். மீதிப் பெருங்குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் ஒரு துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். மலம் இனி அந்த வழியாகத்தான் வரும். அடக்கிவைக்கிற தசை அங்கே இல்லாததால் எப்போது வரும் என்பது என் கையில் இல்லை. அதனால் வயிற்றில் ஒரு பை ஒட்டியிருக்கும். ஆயுசுக்கும் இப்படித்தான்.

இவ்வளவையும் டீக்கடை பெஞ்சில் வைத்துச் சத்தமாகச் சொல்லித்தான் உங்களிடம் கேட்டேன். 'கேன்சர் நிதி' என்று சொன்னால் போதும், யாரும் மறுகேள்வி கேட்கப்போவதில்லை என்று சில பேர் எனக்கு யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கேன்சருக்குக் கொடுக்கிறோம் என்றால் ஊசி, மருந்து, ஆபரேஷன் என்று நினைத்துக் கொடுப்பீர்கள். நான் கேட்டது அதற்கில்லை. எல்லாம் முடிந்து, உயிர் தப்பி, வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு மாசா மாசம் வேண்டியிருக்கிற பைக்கு. மலம் பிடிக்கிற பைக்கு. அந்தச் சொல்லைக் கேட்டும் நீங்கள் முகம் சுளிக்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அது எப்படிண்ணா ஒட்டும்? வேர்த்தா பிரிஞ்சிடாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவன் கொடுத்த இருநூறு ரூபாய்க்கு முன்னாலேயே அந்தக் கேள்விக்காக நான் அவனுக்குக் கடன்பட்டுவிட்டேன்.

முதலில் எனக்கு ரத்தம் போனபோது மூலம் என்றார்கள். ஒரு கிளினிக்கில் களிம்பும் மாத்திரையும் கொடுத்தார்கள். தொட்டுப் பார்க்கவில்லை. நம் சாலையோரத்துச் சுவர்களைப் பாருங்கள்: மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று எழுதியிருக்கும். ஷிஃப்டுக்குப் போகிறவன் தினமும் அதைப் படித்துக்கொண்டேதான் போகிறான். ரத்தம் போனால் அவன் மனசு முதலில் அந்தச் சுவருக்குத்தான் போகும். என்னைப் போல் கீழே, ஆசனவாய்க்குப் பக்கத்தில் வருகிற கட்டியை ஒரு டாக்டர் கையுறை போட்டு விரலை விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒரு நிமிஷ வேலை, மெஷின் வேண்டாம். மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, போய்வந்த பிறகும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரி ஒரு எண்ணம், காரணமில்லாமல் இளைப்பு, இவற்றில் எது இருந்தாலும் வெட்கப்படாமல் டாக்டரிடம் "விரல் விட்டுப் பாருங்க சார்" என்று நீங்களே கேளுங்கள். நன்றிக் கடிதத்தில் இது எதற்கு என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு நான் திருப்பித் தரக்கூடியது இது ஒன்றுதான்.

நூறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு குடும்பத்துக்கும் இதே கதி நேர்ந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். சரியாகக் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தச் சாவை முத்துலட்சுமி அம்மையார் அப்படியே விட்டுவிடவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்றார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. மலக்குடல் புற்றுநோயில் போன ஒரு பெண்ணுக்காக, ஊர்க்காசில் எழுந்த ஆஸ்பத்திரி அது. நான் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தபோதெல்லாம் அந்த அம்மையாரை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். சட்டமன்றத்தில் உட்கார்ந்த அவரே கை நீட்டியிருக்கும்போது எனக்கென்ன?

எனக்கு வைத்தியம் நடந்தது காஞ்சிபுரம் காரைப்பேட்டையில். அண்ணா 1969 பிப்ரவரியில் புற்றுநோயால் இறந்தார். அதே வருஷம் அவர் பெயரில் அவருடைய ஊரில் அரசு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. ஐந்து வாரத்துக்கு மேல் கதிர்வீச்சும் கூடவே மாத்திரையும், கட்டி சுருங்கியபின் ஆபரேஷன். அந்த டாக்டர்களுக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது வார்டில் இருந்த சிஸ்டரைப் பற்றி.

ஆபரேஷன் முடிந்த பிறகு நான் என் வயிற்றைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரிதான் பார்த்தாள். நான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சிஸ்டர் ஒருநாள் அட்டையில் வட்டம் வட்டமாகத் துளை போட்ட ஒரு அளவுகோலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "நீங்க டூல்ரூம்ல வேலை பாக்கறவர்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. அளந்து சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அளவு கேட்டால் அளக்காமல் இருக்க முடியாத கை இது. குனிந்து பார்த்தேன். ரோஸ் நிறத்தில், ஈரமாக, வாயின் உட்புறத் தோல் மாதிரி இருந்தது. தொட்டால் வலிக்கவில்லை, அதற்கு வலி உணர்வு கிடையாதாம். அளந்து சொன்னேன்.

அன்றைக்கே மற்றதையும் சொல்லிக்கொடுத்தார். பையோடு வருகிற ஒட்டுத் தட்டில் ஸ்டோமாவை விட இரண்டு மில்லிமீட்டர் பெரிதாகத் துளை வெட்ட வேண்டும். அதற்கு மேல் பெரிதானால் சுற்றியிருக்கிற தோலில் மலம் பட்டுப் புண்ணாகும். சிறிதானால் விளிம்பு ஸ்டோமாவை அறுக்கும். தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஒத்தி எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய், பவுடர், வாசனை சோப்பு எதுவும் கூடாது. தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடுபடுத்தினால் பசை இளகும். ஒட்டிய பிறகு கொஞ்ச நேரம் கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதல் இரண்டு மாசத்தில் ஸ்டோமா சுருங்கும், அதனால் அடிக்கடி அளக்க வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், கனத்தால் இழுத்துவிடும். டாலரன்ஸ் தவறினால் பீஸ் ரிஜெக்ட் ஆகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்தப் பேச்சு புரிந்தது. எனக்கு வந்திருந்த அவமானத்தைச் சிஸ்டர் ஒரு வேலையாக மாற்றிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கு நான் புது ஆட்களைப் பார்க்கப் போகும்போது ஆறுதல் சொல்வதில்லை. அந்த அட்டையைத்தான் முதலில் கையில் கொடுக்கிறேன்.

அந்தத் தட்டையும் பையையும் யார் செய்தார்கள் என்று வீட்டில் படுத்திருந்த நாட்களில் தேடிப் படித்தேன். டென்மார்க்கில் எலிஸே சோரன்சென் என்று ஒரு நர்ஸ். அவருடைய தங்கை தோராவுக்கு 32 வயதில் குடல் புற்றுநோய், ஸ்டோமா வைத்தார்கள். அந்தக் காலத்தில் துணி, உலோகக் கிண்ணம், பெல்ட் என்று எதையாவது கட்டிக்கொள்ள வேண்டும். ஒழுகும், நாறும். தோரா வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். தங்கைக்காக அக்கா யோசித்தது, ஒரு பிளாஸ்டிக் பையைத் தோலில் நேராக ஒட்டிவிடலாமே என்பது. அது 1954. அடையாறு ஆஸ்பத்திரி திறந்த அதே வருஷம். இங்கேயும் அங்கேயும் ஒரே நோய், ஒரே மாதிரி ஒரு அக்கா. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் நம் பக்கத்துக்காரர்களுக்குப் பிடிக்கும். அந்த நர்ஸ் யோசனையைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். யாரும் செய்துதர ஒப்புக்கொள்ளவில்லை. ஓகே லூயி ஹான்சென் என்று பிளாஸ்டிக் பை செய்கிற தொழிற்சாலைக்காரர் ஒருவர், அவரும் முதலில் மறுத்தவர்தான். அவர் மனைவி யோஹன்னே நர்ஸிங் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கணவரை விடவில்லை, செய்ய வைத்துவிட்டார். 1957இல் அதற்கென்றே கோலோபிளாஸ்ட் என்ற கம்பெனி பிறந்தது. ஒரு பிளாஸ்டிக் பைத் தொழிற்சாலை முதலாளி 'சரி, ஓட்டிப் பார்ப்போம்' என்று சொன்னதால் உலகம் முழுக்க எத்தனையோ பேர் வீட்டை விட்டு வெளியே வந்தார்கள். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் நாள் பூராவும் கையில் பிடிக்கிற நமக்கு இதன் அருமை தெரியும்.

இன்னொன்றும் படித்தேன். 1950களில் அமெரிக்காவில் கிளீவ்லேண்ட் ஆஸ்பத்திரியில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சர்ஜன், ஸ்டோமாவைச் சுற்றிப் புண்ணாகும் தோலுக்குக் கராயா என்ற மரப்பிசின் நன்றாகக் கேட்கிறது என்று கண்டுபிடித்தார். கராயா நம் நாட்டுக் காட்டு மரத்துப் பிசின். ஆந்திராவிலும் மத்திய இந்தியாவிலும் மலைவாழ் மக்கள் மரத்தைக் கீறிச் சேகரிப்பது. தாங்கள் வழித்தெடுத்த பிசின் எந்த ஊர்க்காரர் வயிற்றில் போய் மருந்தானது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

அதே டர்ன்புல் 1958இல் நார்மா கில் என்ற பெண்ணை ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்தார். அவர் நர்ஸ் இல்லை, டாக்டரும் இல்லை. குடல் நோயால் ஸ்டோமா வைக்கப்பட்ட நோயாளி. தேறி வந்த பிறகு தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போய்ப் பை ஒட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அதையே ஒரு தொழிலாக்கி, 1961இலிருந்து மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இன்றைக்கு உலகத்தில் ஸ்டோமா நர்ஸ் என்று இருக்கிற எல்லோருக்கும் முன்னோடி ஒரு நோயாளிதான். மும்பையில் ஸ்டோமா வைத்தவர்களுக்கான இந்திய ஆஸ்டமி சங்கம் நடத்துகிறவர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தான். நம் ஊரில் நான் செய்வது அதில் ஒரு துளி.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படுத்திருந்தபோது முதல் சில மாசப் பை என் லைன் ஆட்கள் வாங்கிக் கொடுத்தது. சம்பளத் தேதியில் ஆளுக்கு நூறு, ஐம்பது போட்டு, மெடிக்கலில் கட்டி, பில்லையும் பெட்டியையும் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது. புற்றுநோய் மாதிரி நீண்ட நாள் நோய்களுக்கு அதில் சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு வருஷம் வரைக்கும் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்கள் ஈ.எஸ்.ஐ. நம்பர் எது, பணம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். எனக்கு அது கிடைத்தது. இருந்தாலும் ஓவர்டைம் நின்றுபோன வீட்டில் மாசம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் பைக்கு மட்டும் எடுத்துவைப்பது லேசில்லை. லைன் ஆட்கள் எடுத்துவைக்க விடவில்லை.

மறு பரிசோதனைக்குக் காரைப்பேட்டை போனபோதுதான் அந்தப் பெரியவரைப் பார்த்தேன். வேட்டிக்கு மேலே துண்டை இறுக்கிச் சுற்றியிருந்தார். உள்ளே மளிகைக்கடை பாலித்தீன் கவர், நாலு பக்கமும் பிளாஸ்திரி. தோல் தீக்காயம் மாதிரி சிவந்து உரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பை தீர்ந்துபோனதும் கடையில் விலை கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். ஏரிக்கரையில் மாடு மேய்க்கிறவர். "மாட்டுங்க கூட இருந்தா ஒண்ணும் தெரியலப்பா. வூட்டுக்குள்ளதான் போக முடியல" என்றார். திண்ணையிலேயே படுத்துக்கொள்கிறாராம். உயிரைக் காப்பாற்றியாகிவிட்டது, பேரக்குழந்தையைத் தூக்க முடியவில்லை.

வேலைக்குத் திரும்பிய முதல் சம்பளத் தேதியில் லைன் ஆட்களிடம் சொன்னேன்: எனக்குப் போட்டது போதும், நிறுத்தாமல் அவருக்குப் போடுங்கள். நிறுத்தவில்லை. அங்கே ஆரம்பித்ததுதான்.

சங்கம் எதுவும் வைக்கவில்லை. பெயரும் வைக்கவில்லை. ஒரு நோட்டு உண்டு. வரவு இடப்பக்கம், மெடிக்கல் பில் வலப்பக்கம் ஒட்டியிருக்கும். யாரும் எப்போதும் வாங்கிப் பார்க்கலாம். யாருக்கும் கையில் பணமாகக் கொடுப்பதில்லை, பையாகத்தான்.

அந்த நோட்டைப் புரட்டினால் நம் வட்டாரமே தெரிகிறது. சுங்குவார்சத்திரம் பக்கத்து ஹாஸ்டல் பெண்கள் ஸ்வீட் டப்பாவில் சில்லறையும் நோட்டுமாகச் சேர்த்து, மூடியில் செல்லோடேப் போட்டு அனுப்பினார்கள். கூடவே ஒரு சீட்டில், எங்கள் ஊரில் இப்படி ஒருவர் இருந்தால் அனுப்பலாமா என்று கேள்வி. ஒடிசாக்காரத் தம்பி ஒருவனுக்கு நான் சொன்னது பாதிதான் புரிந்தது. என் சட்டையைத் தூக்கிக் காட்டச் சொன்னான், பார்த்தான், அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் காசைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆயுத பூஜைக்கு வசூல் செய்த லேத் பட்டறைக்காரர்கள் பொரிகடலைக்குப் போக மிச்சத்தை எடுத்துவந்தார்கள். ஆடியில் கூழ் ஊற்றியபோது ஊர்ப்பெரியவர்கள் மைக்கில் சொல்ல விட்டார்கள். அம்மன் வாசலில் மைக்கைப் பிடித்து மலப்பையைப் பற்றிப் பேச ஒரு ஊர் விட்டது என்றால், வேறெங்காவது நடக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

மண்ணூரில் தையல் மெஷின் வைத்திருக்கிற அக்காவைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. நம் பக்கத்து வெயிலில் பிளாஸ்டிக் பை தொடையோடும் வயிற்றோடும் ஒட்டிக்கொண்டு வியர்க்குரு வந்து பிடுங்கும். அதை நான் அவரிடம் சொல்லவே இல்லை, என் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். ரவிக்கைத் துணி வெட்டியதில் மிச்சமாகிற பருத்தித் துண்டுகளைச் சேர்த்துப் பை அளவுக்கு உறை தைத்தார். பின்பக்கம் ஸ்டோமாவுக்கு வட்டத் துளை, கீழே திறந்து காலி செய்ய ஒரு மடிப்பு, அதில் பிரஸ் பட்டன். முதல் உறையைத் துவைத்துப் பார்த்து, துளை ஓரத்தில் நூல் பிரிகிறது என்று காஜா தையல் போட்டு மாற்றினார். இப்போது பெட்டி வாங்கிப் போகிற எல்லோருக்கும் இரண்டு உறை உண்டு. காசு என்று பேச்செடுத்தால், "போடா, துணி என்ன நான் நெஞ்சதா?" என்கிறார். பச்சை, ஊதா, ஜரிகைக் கரை வைத்ததெல்லாம் உண்டு. மாடு மேய்க்கிற பெரியவர் ஜரிகை வைத்ததைத்தான் எடுத்துக்கொண்டார்.

ஒரு பெண் பிள்ளை ஒருநாள் பைக்கில் வந்து வாசலில் நாலு பெட்டி வைத்தது. பிரிக்காத பைகள், தேதி தாண்டாதவை, நிழலில் வைத்திருந்ததால் பசை கெடாமல் இருந்தது. அப்பாவுக்கு வாங்கியதாம். அப்பா போய்விட்டார். "தூக்கிப் போட மனசு வரல அண்ணா" என்றது. மேற்கு நாடுகளில் இப்படி மிச்சமான பைகளைச் சேர்த்து ஏழை நாடுகளுக்கு அனுப்புவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது. தானாகத் தோன்றியது. அந்த நாலு பெட்டி கட்டட வேலைக்குப் போகிற ஒரு அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அதை நான் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஒரு கேள்வி வந்தது. அதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. பெருங்குடலின் இடப்பக்க முனையில் ஸ்டோமா வைத்த என் மாதிரி ஆட்களில் பலருக்கு, டாக்டர் சம்மதித்தால், ஒரு வழி உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஸ்டோமா வழியாக மெதுவாகச் செலுத்தி, குடலைக் கழுவிவிடுவது. தண்ணீர்ப் பையைத் தோள் உயரத்தில் ஆணியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் கூட, தொந்தரவு இருக்காது. சின்ன மூடி போட்டால் போதும். நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு முன்னால் விடியற்காலையில் எழுந்து அதைச் செய்கிறேன். அதனால் எனக்குப் பைச் செலவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் சிறுகுடலில் ஸ்டோமா வைத்தவர்களுக்கு அது முடியாது. அவர்களுக்கு வருவது தண்ணீராக, நாள் முழுக்க. அதில் இருக்கிற செரிமான நீர் தோலை அரித்துவிடும். தண்ணீரும் உப்பும் உடம்பிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கு நல்ல பை இல்லையென்றால் வேலையும் இல்லை, தூக்கமும் இல்லை. அதனால் நீங்கள் கொடுப்பது முதலில் அவர்களுக்குப் போகிறது. சில மாசத்தில் குடலைத் திரும்ப உள்ளே இணைக்கப்போகிறவர்களுக்கும் கொடுக்கிறோம். தற்காலிகம்தானே, சமாளிக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்குப் போகாமல் இருந்தேன். யாரும் வரக்கூடாது என்று சொல்லவில்லை, நானாகத்தான் ஒதுங்கியிருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டு ஆயா கூப்பிட்டது. பை இருக்கே ஆயா என்றேன். "எல்லார் வயித்துலயும் அதேதான்டா இருக்குது. உனுக்கு வெளிய இருக்குது, எங்களுக்கு உள்ள இருக்குது. அத்தப் பாத்தா சாமிகிட்ட ஒருத்தரும் போவ முடியாது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. ராமானுஜர் பிறந்த ஊரில் இதைவிடப் பெரிய உபதேசம் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இப்போது புதிதாகப் பை வைத்த யாராவது, கோயிலுக்கோ மசூதிக்கோ சர்ச்சுக்கோ போகலாமா என்று கேட்டால் ஆயா சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஆயா காசு எதுவும் போட்டதில்லை. நோட்டில் முதல் பக்கத்தில் அதன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொண்டே இருப்பது நியாயமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊர்க்காசில் எத்தனை பேருக்குத்தான் பை வாங்க முடியும்? ஆஸ்திரேலியாவில் 1975இலிருந்து ஸ்டோமா வைத்தவர்களுக்குப் பை வகையறா அரசு செலவில் கிடைக்கிறது. இங்கிலாந்தில் நிரந்தர ஸ்டோமா உள்ளவர் பைக்கும் மருந்துக்கும் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை குறைபாடுகள் இருக்கின்றன, ஸ்டோமா அதில் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் நமக்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அந்தத் திரவப் பையும் வீட்டுக்கே வருகிறது. ஒரு வகைப் பை வீடு தேடி வரும்போது இன்னொரு வகையும் வரலாம். மாத்திரை கொண்டுவருகிற அதே அக்காக்கள், அதே பட்டியல், இன்னொரு வரி சேர்த்தால் போதும்.

உலக ஆஸ்டமி தினம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அக்டோபர் முதல் சனிக்கிழமை வருகிறது. 2024இல் வந்தது. அடுத்தது 2027 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி, கிராம சபை கூடுகிற நாள். அன்றைக்கு இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாகக் கொண்டுவர எழுதி வைத்திருக்கிறேன். ஒரு கிராமம் மட்டும் கேட்டால் போதாது. வளர்புரத்திலும் தண்டலத்திலும் மப்பேட்டிலும் உங்களில் ஒருவர் எழுந்து வாசித்தால் நன்றாக இருக்கும். வாசிக்கக் கூச்சமாக இருந்தால் சொல்லி அனுப்புங்கள், லீவு போட்டுவிட்டு நானே வருகிறேன்.

அதுவரை நோட்டு தையல்கார அக்கா கடையில்தான் இருக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ துண்டை இறுக்கிச் சுற்றிக்கொண்டு திண்ணையில் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் அங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் பேச வேண்டாம். அட்டையையும் கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு நான் வருவேன்.

இப்படிக்கு,

மண்ணூரிலிருந்து உங்கள் டூல்ரூம்காரன்